காரமான இறால் கணவாய் க்ரீம் பாஸ்தா: முதல்முறை செய்பவர்களுக்கு

மீன் குழம்பு நன்றாக வைக்கத் தெரிந்தவர்கள்தான் கடல் உணவு க்ரீம் பாஸ்தாவில் முதலில் தடுக்கி விழுகிறார்கள். நம் வீட்டில் எது ருசிக்க வேண்டுமென்றாலும் அது கொதித்தாக வேண்டும். புளிக்கரைசல் கொதித்து, குழம்பு சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால்தான் அடுப்பை அணைக்க மனம் வரும். க்ரீம் சாஸுக்கு இந்தப் பழக்கம் ஆகாது. இங்கே எண்ணெய் பிரிந்தால் சாஸ் திரிந்துவிட்டது என்று பொருள். இறால் அதிலேயே கிடந்து கொதித்தால் ரப்பராகிவிடும். பாஸ்தா குழைந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. மூன்றையும் தனித்தனியாக முக்கால் பதத்துக்குக் கொண்டுவந்து, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரே வாணலியில் சேர்ப்பதுதான் இதன் சூட்சுமம். செய்முறை நீளமாகத் தெரியலாம், ஆனால் வாணலி வேலை மொத்தம் கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் கழுவுவதிலும் நறுக்குவதிலும் இறால் ஓட்டில் சாறெடுப்பதிலும் போகும்.

பெரிய உணவகங்களின் மெனுவில் பார்த்துவிட்டு இதை இத்தாலியின் பழம்பெரும் பண்டம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நேப்பிள்ஸ் நகரத்தின் பெயர்பெற்ற மட்டி ஸ்பகெட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, பார்ஸ்லி, மட்டி விடும் உப்புநீர், பெரும்பாலும் ஒரு வாய் வெள்ளை ஒயின், அவ்வளவுதான். க்ரீம் கிடையாது. ரோமில் பிறந்த ஃபெட்டுச்சினி அல்ஃப்ரெடோ என்ற நாடா பாஸ்தாகூட முதலில் வெண்ணெயும் பார்மேசான் சீஸும் மட்டுமே. க்ரீம் அதற்குள் வந்தது அமெரிக்காவில். இத்தாலிய உணவகங்களில் 1970, 80களில் க்ரீம் மோகம் தலைக்கேறி, சால்மன் மீனும் க்ரீமும் சேர்ந்த பென்னே (குழல் வடிவப் பாஸ்தா) போன்றவை பிரபலமாயின. காரத்துக்கோ தெற்குக் கோடியில் கலாப்ரியா என்ற பகுதியே இருக்கிறது; மிளகாய் இல்லாமல் அங்கே சமையல் நகராது. ஆக, நாம் செய்யப்போவது உணவகச் சமையலறைகளில் உருவான ஒரு கலவை. பொருளில் நீங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். முறையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட இவை போதும்:

லிங்குயினி (தட்டையான நீளப் பாஸ்தா) அல்லது ஸ்பகெட்டி – 180 கிராம்
இறால் – தலை, ஓட்டோடு அரை கிலோ (உரித்தால் ஏறக்குறைய பாதி நிற்கும்)
கணவாய் – சுத்தம் செய்தது 150 கிராம்
க்ரீம் – 150 மி.லி.
வெண்ணெய் – 20 கிராம்
ஆலிவ் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
சின்ன வெங்காயம் – 6
பூண்டு – பெரிய பல் 6
காய்ந்த மிளகாய் – 4
காஷ்மீரி மிளகாய்த்தூள் – அரைத் தேக்கரண்டி
தக்காளி பேஸ்ட் – 1 மேசைக்கரண்டி
மிளகு, உப்பு, ஒரு எலுமிச்சை, ஒரு பிடி பார்ஸ்லி

பார்ஸ்லி கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பொடியாக அரிந்து தூவுங்கள். கொத்தமல்லி வேண்டாம், அது போட்ட நிமிடமே சாஸின் வாசம் வேறு பக்கம் திரும்பிவிடும். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், கரம் மசாலா இவற்றுக்கும் இன்று ஓய்வு. மஞ்சள் போடாமல் இறாலைத் தொட்டால் கவிச்சி அடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இறால் புதிதாக இருந்து, நரம்பை எடுத்து, ஈரத்தை நன்றாக ஒற்றினால் கவிச்சி இருக்காது.

சந்தையில்

நடுத்தர அளவு இறால் வாங்குங்கள். கிலோவுக்கு நாற்பது, ஐம்பது நிற்கிற அளவு சரி. பொடி இறால் அரை நிமிடத்தில் வெந்து சுருண்டு, பாஸ்தாவுக்குள் எங்கே போனது என்றே தெரியாது. பெரிய டைகர் இறால் பார்க்க அழகு, ஆனால் உள்ளே வேகும் முன் வெளியே இறுகிவிடும். பழகிய பிறகு அதற்குப் போகலாம். சந்தையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால். அதுவே போதும். கடலில் பிடித்த வெள்ளை இறால் கிடைத்தால் ருசி ஒரு படி மேல்.

தலை கெட்டியாக ஒட்டியிருக்கிறதா, ஓடு மினுமினுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் லேசாகக் கறுத்திருந்தால் உடனே கெட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதற்குக் காரணமான நொதிதான் இங்கும் அந்த வேலையைச் செய்கிறது. மூக்கை நம்புங்கள். அமோனியா நெடி ஏறினால் விலை எவ்வளவு குறைவானாலும் நகர்ந்துவிடுங்கள். உரித்துத் தரச் சொல்லும்போது, "தலையையும் ஓட்டையும் தனிப் பையில போட்டுக் குடுங்கக்கா" என்று கேட்டு வாங்குங்கள். விற்பவர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. இந்தப் பாஸ்தாவின் பாதி ருசி அந்தப் பையில்தான் இருக்கிறது.

கணவாயைச் சென்னைப் பக்கம் கடம்பா என்றும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது நீளமாக, மெல்லிய உடம்போடு இருக்கும் ஊசிக்கணவாய். தடித்த ஓடு உள்ளே இருக்கும் ஓட்டுக்கணவாய் சதைப்பற்றானது, இந்த வேகமான சமையலுக்குச் சரிவராது. சுத்தம் செய்வது பயப்படும் வேலை இல்லை. ஒரு கையில் உடம்பையும் மறு கையில் தலையையும் பிடித்து மெல்ல இழுத்தால் குடல், மைப்பை எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். வேகமாக இழுத்தால் பை உடைந்து கையெல்லாம் மை. உடம்புக் கூட்டுக்குள் விரலை விட்டால் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதை உருவி எடுங்கள். மேலே ஊதா நிறத் தோலை நகத்தால் கிளப்பினால் ஒரே சீராக உரிந்து வரும். கண்ணுக்குக் கீழே வெட்டிக் கால்களை எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கெட்டியான அலகைப் பிதுக்கி எறியுங்கள். உடம்பை அரை விரல் அகல வளையங்களாக அரிந்துகொள்ளுங்கள்.

பலவகைக் கடல் உணவு ஒரே பாக்கெட்டில் உறைந்து வருகிறதே, அதை வாங்கலாமா என்று கேட்பார்கள். முதல்முறைக்கு வேண்டாம். அதில் இறால், கணவாய், சிப்பி எல்லாம் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு. சில ஏற்கனவே வேகவைத்து உறைய வைத்தவை. உறைந்த இறால் மட்டும் தனியாக வாங்கினால் சரி. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோனால் பையோடு குளிர்ந்த நீரில் போட்டால் அரை மணியில் இளகும். வெந்நீர் ஊற்றக் கூடாது. பாக்கெட்டில் பனிப்பூச்சு நீங்கலான எடை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஐஸுக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம்.

பாஸ்தா, க்ரீம், மிளகாய்

பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று மட்டும் இருக்க வேண்டும்; டியூரம் என்பது கெட்டியான ஒரு கோதுமை ரகம். மைதா கலந்தது ஒரு நிமிடம் கூடினாலே வழுவழுத்துவிடும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள், அவ்வளவு முக்கியம் அது. டியூரம் நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில் நன்றாக விளைகிறது. உள்நாட்டுப் பாஸ்தாவிலும் நல்லவை உண்டு, விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையில் தொட்டால் மேற்பரப்பு சொரசொரவென்று மாவு பூத்தது போலிருந்தால் சாஸ் நன்றாகப் பிடிக்கும். வடிவத்தில் என் வாக்கு லிங்குயினிக்கு. தட்டையாக இருப்பதால் க்ரீம் ஒட்டி நிற்கும். ஸ்பகெட்டி இரண்டாவது. குழந்தைகளுக்குச் செய்கிறீர்கள் என்றால் பென்னே எடுத்துக்கொள்ளுங்கள். கிளறவும் சாப்பிடவும் சுலபம்.

க்ரீமில்தான் பலருக்குச் சறுக்குகிறது. கடையில் ஃப்ரெஷ் க்ரீம் என்று அட்டைப் பெட்டியில் வருவதில் கொழுப்பு குறைவு. அமுல் பெட்டியில் 25 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் சொல்லும் கெட்டி க்ரீமில் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கொழுப்பு குறையக் குறைய அந்த இடத்தில் நீரும் பால் புரதமும் கூடும். புளிப்பும் அதிகச் சூடும் சேர்ந்தால் அந்தப் புரதம் கட்டிதட்டும்; அதுதான் திரிதல். வெளிநாட்டுச் சமையல்காரர்கள் தளதளவெனக் கொதிக்க விடுவதைக் காணொளியில் பார்த்துவிட்டு நம் பெட்டி க்ரீமில் அதையே செய்தால் பால் திரிந்த கதைதான். தீயைச் சிம்மில் வைத்தால் 25 சதவீத க்ரீமே தாராளமாகப் போதும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு ஊற்றாமல் அரை மணி முன்பே வெளியே வையுங்கள். விப்பிங் க்ரீம் வாங்கினால் இனிப்பு சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேக் கடைக்காரர்கள் பயன்படுத்துவதில் பெரும்பாலும் பாலே இருக்காது, தாவர எண்ணெயும் சர்க்கரையும்தான்.

பாலாடையைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதைப் போடலாமா? அப்படியே போட்டால் திப்பி திப்பியாக நிற்கும், வெண்ணெயும் பிரியும். கொஞ்சம் பால் விட்டு மிக்ஸியில் இரண்டே சுற்று சுற்றினால் அவசரத்துக்கு ஆகும். தேங்காய்ப்பால் ஊற்றினால் அது சொதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு சமையல்.

காரத்தைப் பற்றி ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதமோ அதைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு விடாது. உறைத்தால் தண்ணீரைவிட மோர் கைகொடுப்பது இதனால்தான். எனவே மிளகாயை க்ரீமின் மேலே தூவினால் நிறம் மட்டும் வரும், உறைப்பு அங்கங்கே குத்தும். முதலில் எண்ணெயில் இறங்க வேண்டும், பிறகுதான் க்ரீம். எண்ணெயில் பொரியும்போது "ஐயோ, அதிகமாகிவிட்டதோ" என்று தோன்றும் அளவே க்ரீம் சேர்ந்தபின் சரியாக இருக்கும்.

பீட்சாவோடு வரும் சில்லி ஃப்ளேக்ஸ் பொட்டலங்கள் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் கிடக்கும். பழசானால் சிவப்பு இருக்கும், உறைப்பு இருக்காது. காய்ந்த மிளகாயைக் கிள்ளி, பாதி விதையை உதறிவிட்டு, வெறும் வாணலியில் அரை நிமிடம் புரட்டி, இடிகல்லில் கரகரப்பாக இடித்தால் அதைவிட மேலான ஃப்ளேக்ஸ் கிடைக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் கிடைத்தால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் வாசம் கடல் உணவோடு அழகாகப் பொருந்துகிறது.

அடுப்பு மூட்டும் முன்

இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுங்கள். இறாலையும் கணவாயையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேகும் நேரம் வேறு. இறாலில் கால் தேக்கரண்டி உப்பும், ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். சோடா விருப்பத்துக்கு உட்பட்டது. அடுத்து சொல்வது அப்படியில்லை: சமைக்கும் முன் இரண்டையும் சுத்தமான துணியில் பரப்பி, மேலேயும் ஒரு துணி போட்டு அழுத்தி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவியும்.

இப்போது அந்தத் தலை, ஓட்டுப் பை. கழுவி வடித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் போட்டு, முழுத் தீயில் ஐந்து நிமிடம் வறுங்கள். சாம்பல் நிறம் மாறி, எண்ணெயே செம்மஞ்சளாகும். கரண்டியின் முதுகால் தலைகளை நசுக்குங்கள். உள்ளே இருக்கும் ஆரஞ்சுக் கொழுப்புதான் இறாலின் முழு வாசனை. இரண்டு கப் தண்ணீர் விட்டு, மிதமான தீயில் இருபது நிமிடம் விட்டு, வடிகட்டுங்கள். அரை கப் சாறு நிற்க வேண்டும்; அதிகமாக இருந்தால் இன்னும் வற்றவிடுங்கள். இந்த ஒரு பாத்திரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கொதிக்க விடலாம், ஆசை தீர. உப்பு மட்டும் போடாதீர்கள். தலைகள் ரொம்பக் கறுத்திருந்தால் அவற்றை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் வையுங்கள்.

சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரியுங்கள். பூண்டை நசுக்க வேண்டாம், மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள்; விழுது நொடியில் கருகிக் கசக்கும். எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவி வைத்துக்கொள்ளுங்கள், அடியில் இருக்கும் வெள்ளை கசப்பு. க்ரீமை அளந்து வையுங்கள். தட்டைக்கூட எடுத்து வைத்துவிடுங்கள். ஆரம்பித்தபின் எதையும் தேட நேரம் இருக்காது.

அடுப்பில்

பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்து, ஒரு மேசைக்கரண்டி தூள் உப்புப் போடுங்கள். இத்தாலியர் கணக்கு லிட்டருக்குப் பத்து கிராம். நம் சாஸில் இறால் சாறு வற்றி உப்பேறும் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம். தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஒட்டாமல் இருக்க முதல் ஒரு நிமிடம் கிளறினாலே போதும். எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சாஸ் வழுக்கிக் கீழே நிற்கும்.

பக்கத்து அடுப்பில் அகலமான, அடிகனமான வாணலி. மெல்லிய நான்ஸ்டிக் தவா வேண்டாம், இறாலைப் போட்டதும் சூடு இறங்கிவிடும். நம் வீட்டுக் கனமான கடாயே பாஸ்தா புரட்டவும் தோதானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, லேசாகப் புகை கிளம்பும்வரை காயவிட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். கரண்டியை எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் அசையாமல் விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாகப் பிடிக்கும். திருப்பி, இன்னும் அரை நிமிடம். வெளியே சிவந்து, முதுகின் தடித்த இடம் மட்டும் இன்னும் கண்ணாடி போல் தெரியும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். வேகவில்லையே என்று கை துறுதுறுக்கும். எடுங்கள். கடைசியில் சாஸுக்குள் திரும்பி வந்து அது முழுதாக வேகும். இறால் லேசாக வளைந்து நின்றால் பதம். வாலும் தலையும் ஒட்டும்படி சுருண்டால் தாண்டிவிட்டது.

வாணலி மறுபடி காய்ந்ததும் கணவாய். முழுத் தீ, ஒரு நிமிடம், வளையங்கள் வெள்ளையாகி விறைத்ததும் வெளியே. கணவாய் ஒன்றரை நிமிடத்துக்குள் மென்மை, முக்கால் மணி வேகவிட்டாலும் மென்மை. நடுவில் மாட்டிக்கொண்டால்தான் மெல்ல முடியாமல் போகும்.

தண்ணீர் கொதித்திருக்கும், பாஸ்தாவைப் போடுங்கள். நீளமானதை உடைக்க வேண்டாம், அரை நிமிடத்தில் தானாக வளைந்து உள்ளே போகும். பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்றிருந்தால் ஏழாவது நிமிடம் எடுக்கப்போகிறோம், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கடிகாரத்தை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பாஸ்தா வேக நேரம் கூடும்.

பாஸ்தா வேகும் ஏழு நிமிடம்தான் சாஸின் நேரம். வாணலியைச் சிம்முக்கு இறக்கி, மீதி எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, சின்ன வெங்காயத்தைப் போடுங்கள். அடியில் பிடித்திருக்கும் இறால் காந்தலை அதன் ஈரத்திலேயே சுரண்டிக் கரைத்துவிடலாம். இரண்டு நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியானதும் பூண்டு. ஓரம் பொன்னிறம் காட்டத் தொடங்கும்போது இடித்த மிளகாய், உடனே காஷ்மீரித் தூள், உடனே தக்காளி பேஸ்ட். நெடி ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேஸ்ட் அடர்சிவப்பாக மாறும்வரை ஒரு நிமிடம் வதக்கி, பச்சைப் புளிப்பு அடங்கியதும் இறால் சாற்றை ஊற்றித் தீயைக் கூட்டுங்கள். பாதியாக வற்றட்டும். பழத் தக்காளி நறுக்கிப் போடாததற்குக் காரணம் உண்டு: அதன் நீரும் புளிப்பும் குறைந்த கொழுப்பு க்ரீமுக்கு ஆகாது.

மறுபடியும் சிம். க்ரீமை ஒரே மூச்சில் கொட்டாமல் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் போதும், நடுவில் கொப்புளிக்க விடாதீர்கள். சாஸ் செம்மஞ்சளாக, கரண்டியின் முதுகில் மெல்லப் படியும் பதத்தில் இருக்கும். கொஞ்சம் நீர்த்ததாகத் தோன்றினாலும் அப்படியே விடுங்கள், பாஸ்தா வந்து உறிஞ்சும். உப்பை இப்போது பார்க்க வேண்டாம், காரத்தை மட்டும் பாருங்கள்.

அலாரம் அடித்ததும் ஒரு இழையை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் எடுக்கும் நேரம். சல்லடையில் வடிக்கும் முன் ஒரு டம்ளர் வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். அதில் மாவுச்சத்து இறங்கியிருக்கிறது, சோறு வடித்த கஞ்சி போல. க்ரீமின் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் கட்டிப்போட்டு, பாஸ்தாமேல் ஒட்டவைப்பது அந்த மாவுச்சத்துதான். வடித்த பாஸ்தாவைக் குழாயடியில் காட்டினால் அவ்வளவும் சாக்கடையோடு போய்விடும்.

வடித்ததை உடனே சாஸில் சேர்த்து, எடுத்து வைத்த தண்ணீரில் கால் டம்ளர் விட்டு, இடுக்கியால் கீழிருந்து மேலே தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். தீ சிம்முக்கும் மிதத்துக்கும் நடுவில். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் சாஸ் இறுகி ஒவ்வொரு இழைமேலும் படியும். வாணலியைச் சாய்த்தால் சாஸ் மெதுவாக நகர வேண்டும். இறுகினால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர். இப்போது இறாலையும் கணவாயையும் தட்டில் ஊறியிருக்கும் சாற்றோடு சேர்த்துக் கொட்டி, அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் புரட்டுங்கள். ஒரு பெரிய இறாலை இரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். நடுவிலும் கண்ணாடித்தன்மை போய் வெண்மையாகியிருந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகுதான் எலுமிச்சைத் தோல் துருவல், கரகரப்பாகப் பொடித்த மிளகு, பார்ஸ்லி, கடைசியாக அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சாற்றைத் தீயில் ஊற்றினால் திரியும். அணைத்தபின் கொஞ்சமாகக் கலந்தால் க்ரீமின் திகட்டலை வெட்டும். உப்பு பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். சீஸ் வேண்டுமா என்பதில் இத்தாலியில் பெரும்பாலோர் கடல் உணவின் மேல் சீஸ் துருவ மாட்டார்கள். என் கட்சியும் அதுவே. இறால் சாறு போட்டுச் செய்த சாஸில் சீஸ் தன் வாசத்தை மட்டும் தூக்கி நிறுத்தும். பிடிக்கும் என்றால் ஒரு மேசைக்கரண்டி போட்டுக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

தட்டை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடைத்து வைத்தால் நல்லது. குளிர்ந்த பீங்கானில் க்ரீம் சாஸ் ஐந்து நிமிடத்தில் இறுகி அப்பிவிடும். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு கடைசிக் கட்டத்தை ஆரம்பியுங்கள். விருந்தாளிக்குச் செய்கிறீர்கள் என்றால் இறால், கணவாய் ஒவ்வாமை யாருக்கும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதில் சாஸிலேயே இறால் இருக்கிறது, பொறுக்கி ஒதுக்கிச் சாப்பிட முடியாது.

ஏதாவது தவறினால்

சாஸ் திரிதிரியாகத் தெரிந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கி, பாஸ்தாத் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டியும் குளிர்ந்த க்ரீம் ஒரு மேசைக்கரண்டியும் விட்டு வேகமாக அடியுங்கள். ஆரம்பநிலைத் திரிதல் இதில் சேர்ந்துவிடும். முழுவதும் கட்டிதட்டிப் போனால் ருசிக்குக் குறைவில்லை, பார்வைதான் போச்சு. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஓரளவு தேறும். காரம் எகிறினால் க்ரீம்தான் மருந்து, சர்க்கரை போட்டு ஏமாற்றாதீர்கள். உப்பு கூடினால் வெறும் வெந்நீரும் க்ரீமும் சேருங்கள். பாஸ்தாத் தண்ணீரிலேயே உப்பிருக்கிறது, அதை ஊற்றினால் இன்னும் ஏறும். சாஸ் நீர்த்திருந்தால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள், ஆறும்போது இறுகும். இறுகிப்போன இறாலுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது.

ஒருமுறை கைப்பழக்கம் வந்தபின் மாற்றிப் பார்க்கலாம். நண்டு போடுவதாக இருந்தால் அவித்துச் சதையை உதிர்த்து, இறால் போடும் கடைசிக் கட்டத்தில் சூடேறும் அளவுக்கு மட்டும் சேருங்கள். இறால் ஓட்டுக்குப் பதில் நண்டின் ஓட்டில் சாறெடுக்கலாம். மட்டி என்றால் உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து மணலைக் கக்கவிட்டு, தனியாக மூடி வேகவைத்து, திறக்காதவற்றை எறிந்துவிட்டு, அந்த நீரைத் துணியில் வடிகட்டிச் சாறாகப் பயன்படுத்துங்கள். மீனில் வஞ்சிரம், கொடுவா போன்ற கெட்டிச் சதை நிற்கும், பெரிய துண்டாக வெட்டி வறுத்துச் சேருங்கள். மத்தி, அயிலை க்ரீமோடு சேராது. அவற்றுக்குப் புளிக்குழம்பே கதி.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும். சூடாக்கும்போது இறாலையும் கணவாயையும் முதலில் பொறுக்கித் தனியாக வைத்துவிடுங்கள். பாஸ்தாவில் கால் டம்ளர் பால் விட்டு, சிம்மில் மூடி வைத்துக் கிளறி, சாஸ் இளகி ஆவி பறக்கும்போது அவற்றைத் திரும்பப் போட்டு, அவையும் நன்றாகச் சூடேறியதும் இறக்குங்கள். மைக்ரோவேவில் மொத்தமாக வைத்தால் கணவாய் வளையத்தைப் பல்லால் இழுக்க வேண்டிவரும்.